சென்சாரை மாற்றும் முன் மீட்டரை எடுப்பவர்: சங்ககிரி பக்கத்து பொக்லைன் எலக்ட்ரீஷியன்

பழைய பொக்லைன் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வண்டி எடுத்தவர்களுக்கு வாரண்டி இருக்கிறது, கம்பெனி ஆள் வந்து பார்த்துக்கொள்வார். இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டியை வாங்கி மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் திரையில் எஞ்சின் விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதே பெரும்பாடு. எனக்கு அந்தக் கவலையைத் தீர்த்தவர் சங்ககிரிக்குப் பக்கத்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரீஷியன். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. லாரி வொயரிங்கில் தொடங்கி, போர்வெல் ரிக் பார்த்து, இப்போது முக்கால்வாசி பொக்லைன் வேலைதான் செய்கிறார். வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து பார்க்கிறார். அவருடைய வேலைக்கு நான் தரும் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. கணக்கு, வாடகை, டீசல், ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. பழுதாகி நின்றது 20 டன் வகுப்பைச் சேர்ந்த ஜப்பான் வண்டி. பழைய வண்டியாகவே சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. எங்கள் கைக்கு வந்தபோது அதன் திரை ஜப்பானிய மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. குறை தயாரித்தவர்களுடையது இல்லை. அதற்குப் பிறகு எஞ்சினில் கைவைத்த யாரோ ஒருவருடையது.

வண்டி கொங்கணாபுரம் பக்கம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு குறையும் இருக்காது. வெயில் ஏறி, கீழே ஓடைக்கல் தட்டுப்பட்டு, பக்கெட்டை அழுத்தித் தோண்டும் நேரத்தில் எஞ்சின் சட்டென்று தளர்ந்துவிடும். திரையில் எரர் கோடு வரும். அதற்கு மேல் த்ராட்டிலை எவ்வளவு திருப்பினாலும் பாதி பலம்தான். நிறுத்தி, சாவியை எடுத்து, சிறிது நேரம் கழித்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். மணிக்கு 1,400 ரூபாய் வாடகைக்கு வண்டி கேட்ட விவசாயி வரப்பில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

முதலில் வந்த மெக்கானிக் திரையைப் பார்த்தார். காமன் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அதிக அழுத்தத்தில் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் சென்சார் என்று எண் காட்டியது. அதை வாங்கிப் போட்டார். வாங்கிய விலையை இங்கே எழுதினாலே வயிறு எரியும். மறுநாள் மதியம் அதே தளர்ச்சி, இம்முறை ஆயில் பிரஷர் சென்சார் எண்ணும் சேர்ந்து வந்தது. அதையும் மாற்றினார். பிறகு எஞ்சின் கம்ப்யூட்டரே போய்விட்டது, பழையது ஒன்று கிடைக்கும், லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார். ஆபரேட்டர் தம்பிதான், அதற்கு முன்னால் ஒருமுறை சங்ககிரிக்காரரிடம் காட்டிவிடலாம் அக்கா என்று சொல்லிப் போன் எண்ணைக் கொடுத்தார்.

போனிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. என்ன வண்டி, எத்தனை மணி நேரம் ஓடியது என்று எல்லோரும் கேட்பதைக் கேட்டுவிட்டு, யாரும் கேட்காததைக் கேட்டார். “பலம் குறையும்போது வண்டி என்ன செய்துகொண்டிருக்கிறது அக்கா? தோண்டும்போதா, சுழலும்போதா, சும்மா நிற்கும்போதா? இதற்கு முன் எஞ்சினில் பெரிய வேலை ஏதாவது நடந்திருக்கிறதா? டர்போவைக் கழற்றினார்களா, இன்ஜெக்டரைக் கழற்றினார்களா?” கடைசியாக இரண்டு கட்டளைகள்: “நான் வரும்வரை எரர் கோடை யாரும் அழிக்கக்கூடாது. எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவக்கூடாது.” வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல் வண்டியைக் கழுவி நிறுத்துவதுதான் இங்கே வழக்கம். அவருக்கு அழுக்கோடுதான் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு எங்கே படிந்திருக்கிறது, எங்கே தேய்ந்து பளபளக்கிறது என்பதெல்லாம் கழுவினால் போய்விடும் என்றார்.

வந்ததும் எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிந்ததைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். கேபினுக்குள் இருக்கும் ஒன்பது ஊசி வட்டக் கப்ளரில் (வொயர் இணைப்பில்) அது மாட்டும். ஆனால் படித்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் கழற்றவில்லை. ஒரு தாளில் வரிசையாக எழுதினார். எனக்கும் ஆபரேட்டருக்கும் புரியும்படி அதை விளக்கிய விதம்தான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. அதை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

கனரக வண்டிகளில் எஸ்.ஏ.இ. ஜே-1939 என்ற பொது முறைப்படி ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள் உண்டு. எஸ்.பி.என். என்பது எந்த அளவீடு என்று சொல்லும். 157 என்றால் காமன் ரெயில் பிரஷர், 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர், 102 என்றால் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், 110 என்றால் கூலன்ட் சூடு. சில கம்பெனிகள் திரையில் தங்கள் சொந்த எண்களைக் காட்டும். உள்ளே இருக்கும் கணக்கு இதே மாதிரிதான். எஃப்.எம்.ஐ. என்ற இரண்டாவது எண் அந்த அளவீட்டுக்கு என்ன ஆனது என்று சொல்லும். பெரும்பாலான மெக்கானிக்குகள் முதல் எண்ணைப் பார்த்ததும் உதிரிபாகக் கடைக்குப் போன் செய்துவிடுகிறார்கள். இவர் இரண்டாவது எண்ணில்தான் குடியிருக்கிறார்.

எஃப்.எம்.ஐ. 3 என்றால் சிக்னல் வோல்ட்டேஜ் இருக்கக்கூடாத அளவுக்கு ஏறிவிட்டது, 4 என்றால் இருக்கக்கூடாத அளவுக்கு இறங்கிவிட்டது. இவை இரண்டும் மின்சாரக் கதை: வொயர், கப்ளர், சென்சார், அதற்கு வரும் சப்ளை, இவற்றில் ஏதோ ஒன்று. எஃப்.எம்.ஐ. 0 அல்லது 1 என்றால் சென்சார் ஒழுங்காகப் பேசுகிறது, அது சொல்லும் சேதிதான் கெட்ட சேதி. ரெயில் பிரஷருக்கு 1 வந்தால் டீசல் ஃபில்டர் அடைப்பு, டேங்கில் இருந்து வரும் குழாயில் காற்று இழுப்பது, பம்ப் தேய்மானம், இன்ஜெக்டர் ரிட்டர்னில் அதிகமாகக் கசிவது என்று தேட வேண்டும். அங்கே போய் சென்சாரை மாற்றினால், ஜுரம் வந்தவனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றிய கதைதான்.

எங்கள் வண்டியில் 157, 100, 102 மூன்றுக்கும் 4 என்று வந்திருந்தது. கூடவே சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளை குறைவு என்று தனியாக ஒரு எண். கம்ப்யூட்டர் நினைவில் பதிந்திருந்த மணிக்கணக்கைப் பார்த்தால் நான்கும் ஒரே நேரத்தில் வந்தவை. “மூன்று சென்சார் ஒரே நொடியில் சாகாது அக்கா. மூன்றுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும்” என்றார்.

அந்த மூன்றுக்கும் பொதுவானது 5 வோல்ட் லைன். வண்டியின் பேட்டரி 24 வோல்ட்தான், 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தது. ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டர் தனக்குள் 5 வோல்ட்டைத் தயாரித்து இந்த மாதிரி சென்சார்களுக்கு அனுப்புகிறது. சென்சார் அதிலிருந்து அழுத்தத்துக்கு ஏற்ற அளவை, பெரும்பாலும் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை, திருப்பி அனுப்புகிறது. இந்த 5 வோல்ட் லைன் எங்காவது எஞ்சின் உடம்பைத் தொட்டால், அதில் தொங்கும் எல்லா சென்சார்களும் ஒன்றாக விழும். கம்ப்யூட்டர் அந்த லைனின் கரண்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால் பியூஸ் போகாது. பியூஸ் நன்றாக இருக்கிறது, அதனால் வொயரிங் நன்றாக இருக்கிறது என்று முதலில் வந்தவர் சொன்ன வாதம் இங்கே செல்லாது. ரெயில் பிரஷர் என்னவென்று தெரியாத கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் ஒரு பத்திரமான மதிப்பை வைத்துக்கொண்டு எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடுகிறது. பாதி பலம் அதனால்தான்.

இனி அவர் சோதித்த விதம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், ரெயில் பிரஷர் சென்சாரின் கப்ளரில் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி மீட்டரை வைத்தார். வொயரின் மேலுறையில் ஊசியைக் குத்தவே மாட்டார். குத்திய ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி ஆறு மாதத்தில் செம்பு பச்சையாகிவிடும் என்கிறார். சப்ளை 5.01 வோல்ட். சிக்னல் வொயரில் 0.5, ரெயிலில் அழுத்தம் இல்லாதபோது அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் காசைத் தின்ற புதுச் சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை, கழற்றிப்போட்ட பழையதற்கும் இல்லை என்று அதையும் மாட்டிக் காட்டினார். அந்தப் பழையது இப்போது என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது, மாற்றுச் சாமானாக.

அடுத்து எஞ்சினை ஓட்டச் சொன்னார். மீட்டர் 5.01-லேயே நின்றது. பூமை முழுவதும் உயர்த்தி, லீவரை விடாமல் பிடித்து, ஹைட்ராலிக்கை முட்டவைக்கச் சொன்னார். பாரம் ஏறிய எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டின்மேல் ஒரு பக்கமாகச் சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தச் சாய்வில் மீட்டர் 5.01-லிருந்து 3-க்கு வந்து, 1.2-க்கு இறங்கி, மறுபடி 5-க்கு ஏறித் துள்ளியது. திரையில் எரர் கோடு. மதிய வெயிலுக்கும் பழுதுக்கும் சம்பந்தமே இல்லை. மதியம்தான் கல் தட்டியது, மதியம்தான் எஞ்சின் சாய்ந்தது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, மூன்று சென்சார்களின் கப்ளரையும் கழற்றித் தொங்கவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்தார். ஆபரேட்டரிடம் ஒரு கடப்பாரையைக் கொடுத்து, எஞ்சின் மவுண்ட் அருகே மரக்கட்டை வைத்து மெதுவாக நெம்பச் சொன்னார். சென்சார்கள் இணைப்பிலேயே இல்லாதபோதும் 5 வோல்ட் விழுந்தது. அந்த ஒரு நெம்பலில் மூன்று சென்சார்களும் நிரபராதிகள் ஆகிவிட்டன. பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்ப்யூட்டர் பக்கத்துக் கப்ளரையும் கழற்றி, 5 வோல்ட் வொயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே ஓம் பார்த்தார். சும்மா இருக்கும்போது மீட்டர் எதையும் காட்டவில்லை. நெம்பினால் நான்கைந்து ஓம், அதாவது வொயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது. கம்ப்யூட்டரும் குற்றப்பட்டியலிலிருந்து வெளியே வந்தது. எனக்கு லட்ச ரூபாய் மிச்சமானது அந்த இடத்தில்தான்.

தொட்டுக்கொண்டிருந்த இடம் எஞ்சினின் பின்பக்கம், பம்ப் பக்கமாக வொயர் கட்டு வளைந்து இறங்கும் ஓர் இரும்புப் பட்டைக்கு மேல். அங்கே ரப்பர் வைத்த கிளாம்ப் ஒன்று கட்டைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கிளாம்ப் இல்லை, போல்ட் ஓட்டை மட்டும் வெறுமனே இருந்தது. டர்போவையோ வேறு எதையோ கழற்றிய யாரோ மறுபடி மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். கட்டின்மேல் இருந்த நெளிவுக் குழாய் அரை நெல்லிக்காய் அளவுக்குத் தேய்ந்து திறந்திருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு வொயர்களில் ஒன்றில் மட்டும் மேலுறை போய், அரிசி முனை அளவுக்குச் செம்பு தெரிந்தது. பட்டையின் விளிம்பில் அதற்கு நேராகப் பெயின்ட் தேய்ந்து வெள்ளிக்கோடாக மின்னியது. டார்ச் அடித்துக் காட்டி, “இதைத்தான் கழுவக்கூடாது என்றேன்” என்றார்.

டேப் சுற்றிவிட்டுப் போகவில்லை. தேய்ந்த வொயரை வெட்டி, அழுத்து இணைப்பான் போட்டு, பசை உள்ள சுருங்கு குழாயை ஏற்றிச் சூடாக்கினார். பக்கத்து வொயர்கள் ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்த்து, மேலுறை மெலிந்திருந்த இன்னும் இரண்டுக்கும் அதே வைத்தியம். புது நெளிவுக் குழாய், இரண்டு ரப்பர் கிளாம்ப். பிறகு மறுபடி பூமை முட்டவைத்து, மீட்டர் அசையாமல் நிற்பதை என்னையே பார்க்கச் சொன்ன பிறகுதான் எரர் கோடுகளை அழித்தார். வண்டி பண்ணைக்குட்டையை முடித்து, அடுத்து ஒரு கிணறு ஆழப்படுத்தும் வேலையும் முடித்துவிட்டது. அந்த எண் திரும்ப வரவில்லை.

வந்த வேலை முடிந்த பிறகும் உடனே கிளம்பமாட்டார். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் இழக்கிறது என்று பார்த்தார். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுரண்டி மாட்ட வேண்டும் என்று ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆல்டர்னேட்டர் சார்ஜ் 28 வோல்ட் சுற்றி இருக்கிறதா என்று பார்த்தார். பேட்டரி கழற்றியிருக்கும்போது ஒன்பது ஊசிக் கப்ளரில் சி, டி என்ற இரண்டு ஊசிகளுக்கு நடுவே 60 ஓம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் லைனின் இரு முனையிலும் 120 ஓம் வீதம் இருப்பதால் சேர்த்து 60. அது 120 காட்டினால் ஒரு முனை அறுந்துவிட்டது என்று பொருள். இதற்கெல்லாம் ஸ்கேனரே வேண்டாம், சாதாரண மீட்டர் போதும். பக்கெட்டில் பல் வைத்து வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுகிறீர்களா என்று ஆபரேட்டரைக் கேட்டு, தலையைச் சொறிந்த பதிலுக்கு நல்ல திட்டும் கொடுத்தார். வெல்டிங் எர்த்தை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும், கேபினுக்குக் கீழே எங்காவது போட்டால் கரண்ட் கம்ப்யூட்டர் வழியாக வழி தேடும் என்றார். இதை எந்த ஆபரேட்டரும் ஒரு தடவையாவது அவர் வாயால் கேட்க வேண்டும்.

இன்னொரு வேலைக்கும் அவரை அழைத்திருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்: வாங்கும் முன் வண்டி பார்ப்பது. தம்பி மகனுக்காக ஒரு பழைய 20 டன் வண்டி பேசியிருந்தோம். பெயின்ட் பளிச்சென்று இருந்தது. மீட்டர் மணி குறைவு, திரையில் ஒரு எரர் கோடும் இல்லை. “ஒன்றுமே இல்லை என்றால் நேற்று அழித்திருப்பார்கள்” என்று சொல்லி, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு விடியற்காலையில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்.

போனோம். எஞ்சினைத் தொட்டால் சில்லென்று இருந்தது. செல்ஃப் அடிக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் சூடுகளை வரிசையாகப் படித்தார். ராத்திரி நின்ற வண்டியில் காற்று, டீசல், ஹைட்ராலிக் ஆயில், கூலன்ட் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்க வேண்டும். காற்று 24 டிகிரி. ஹைட்ராலிக் ஆயில் 26. கூலன்ட் 80. ஓடாத எஞ்சினில் கூலன்ட் 80 டிகிரி! விற்பவரின் ஆள் சென்சார் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் என்றார். இவர் பதில் பேசாமல் சென்சார் வொயரைக் கைவிரலாலேயே தடவிக்கொண்டு போய், கட்டுக்குள் கறுப்பு டேப் தடித்திருந்த இடத்தில் நின்றார். டேப்பைப் பிரித்ததும் கட்டைவிரல் நகத்தில் பாதி நீளமுள்ள ஒரு ரெசிஸ்டர் வெளியே வந்தது. ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்புக் கோடுகள்: 330 ஓம். கூலன்ட் சென்சார் சூடேறினால் ஓம் குறையும் வகை. அறைச் சூட்டில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம் காட்டும் பரவலான வகைச் சென்சார் 80 டிகிரிக்கு வரும்போது முந்நூற்றுச் சொச்சம் ஓம்தான் காட்டும். அதாவது எஞ்சின் கொதித்தாலும் கம்ப்யூட்டருக்கு 80 என்றே தெரியும்படி செய்து வைத்திருக்கிறார்கள். சென்சாருக்குப் போக வேண்டிய வொயர் வெட்டி மடித்துக் கட்டப்பட்டிருந்தது.

எஞ்சின் சூடாகி எச்சரிக்கை அடிக்கிற வண்டியை விற்க, எச்சரிக்கையை அடைத்த வேலை இது. உள்ளே ரேடியேட்டர் அடைப்பா, ஹெட் கேஸ்கட்டா, யாருக்குத் தெரியும். இதை நான் தந்திரம் என்று சொல்லமாட்டேன், திருட்டு என்பேன். அந்த வண்டியை வாங்குகிறவன் ஒரு கோடைக்குள் எஞ்சினைத் திறந்து வட்டிக்குக் கடன் வாங்குவான். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பி வந்திருக்காது. பார்த்த பிறகுதான் பணம் என்று முன்பே சொல்லியிருந்ததால் கையை உதறிக்கொண்டு வந்தோம்.

விடியற்காலைச் சோதனையில் இன்னொன்றும் பார்ப்பார். எஞ்சின் ஓடாதபோது டர்போ காற்றழுத்த சென்சாரும் வெளிக்காற்று அழுத்த சென்சாரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்; நம் சமவெளியில் 98, 100 கிலோ பாஸ்கல் பக்கம், ஏற்காடு உயரத்தில் 85 பக்கம். இரண்டும் பத்து, பதினைந்து வித்தியாசப்பட்டால் ஒன்று பொய் சொல்கிறது. கம்ப்யூட்டருக்குள் பதிந்திருக்கும் ஓட்ட மணியையும் திரை மணியையும் ஒப்பிடுவார். திரையை மாற்றி மணியைக் குறைக்கிறவர்கள் பலர் எஞ்சின் கம்ப்யூட்டரை மறந்துவிடுகிறார்கள்.

இனி குறைகள். நேரம் சொன்னால் அந்த நேரத்துக்கு வரமாட்டார். காலை என்றால் மதியம், மதியம் என்றால் சாயங்காலம். ஏதோ ஒரு வண்டியின் அடியில் படுத்திருக்கும்போது போனும் எடுப்பதில்லை. வாடகைக்காரரை வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்கு எளிதில்லை. உதவிக்கு ஒரு பையனை வைத்துப் போனையாவது எடுக்கச் சொல்லலாம். சொல்லிப் பார்த்துவிட்டேன், சிரிக்கிறார். மழைக்காலத்துக்கு முன் ஏரி குளம் தூர்வாரும் மாதங்களில் அவரைப் பிடிப்பது இன்னும் கடினம். அவருடைய ஸ்கேனர் எல்லாக் கம்பெனி வண்டிகளுக்குள்ளும் போவதில்லை. எண்ணைப் படிக்கும், சிலவற்றில் இன்ஜெக்டர் எண் பதிவது போன்ற வேலைகளைச் செய்யாது. முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார், அதற்கு நன்றி. இன்ஜெக்டர், பம்ப் வேலை எடுப்பதில்லை. டீசல் பக்கம் குறை என்று தெரிந்தால் ரிட்டர்ன் அளவைப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு பம்ப் கடைக்கு அனுப்பிவிடுவார்.

கட்டணம் என்னிடம் வாங்கியது: வந்து பார்த்துப் பழுதைக் கண்டுபிடித்ததற்கு 4,000 ரூபாய், வண்டிப் பெட்ரோல் தனி, வொயர், குழாய், கிளாம்ப் சாமான்களுக்கு 650. வாங்கும் முன் பார்ப்பதற்கு 5,000, வண்டி தேறினாலும் தேறாவிட்டாலும் அதே தொகை. சிலருக்கு இது அதிகமாகத் தெரியும். ஸ்கேனரை மாட்டி எண் சொல்லிவிட்டுப் போவதற்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வாங்குகிறவர்கள் ஈரோட்டிலும் சேலத்திலும் கிடைக்கிறார்கள். அவர்கள் சொல்லும் எண் என் வண்டித் திரையிலேயே இலவசமாகத் தெரிகிறது. நான் 4,000 கொடுப்பது அதற்குப் பிறகு நடக்கும் வேலைக்கு. சாமான் விற்பதில்லை என்பது இவருடைய பெரிய பலம். சென்சார் விற்று வரும் கமிஷன் இவருக்குத் தேவைப்படவில்லை, ஆகவே சென்சார்மேல் பழி போடும் அவசரமும் இல்லை.

போன் எண்ணை இங்கே போடவில்லை, அவர் கேட்டுக்கொண்டது அப்படி. சங்ககிரியில் லாரி வொயரிங் கடைகளில் பொக்லைன் பார்க்கும் எலக்ட்ரீஷியன் என்று கேட்டால் வழி சொல்வார்கள். கூப்பிடும் முன் இவற்றைக் கையில் வைத்திருங்கள்: வண்டி மாடலும் வரிசை எண்ணும், எஞ்சின் மேல் இருக்கும் தகட்டின் படம், எரர் கோடு வந்திருக்கும்போது எடுத்த திரையின் படம், இதற்கு முன் மாற்றிய சாமான்களின் பட்டியல். கழற்றிய பழைய சென்சார்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் வைத்திருங்கள், வந்ததும் கேட்பார். வண்டியை மட்டமான இடத்தில், பூமை உயர்த்தி முட்டவைக்க மேலே கரண்ட் கம்பி இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஆபரேட்டர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். பழுது வரும் நேரத்தில் லீவர் எந்தப் பக்கம் இருந்தது என்று அவரைத்தான் கேட்பார், முதலாளியை இல்லை.